கையுறை மறுத்தல்

சென்ற தை மாதம் அப்பா பட்டறையைக் காலி செய்தார். மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு சந்துக்குள் 28 வருடம் ஓடிய கிரில் பட்டறை. வெல்டிங் செட்டை ஒருவர் வாங்கிக்கொண்டார், ட்ரில்லிங் மிஷினை இன்னொருவர். மிச்சம் கிடந்த ஆங்கிள், பட்டைத் துண்டுகளைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போனார். எல்லாம் போனபிறகு பரணில் ஒரு சிமென்ட் சாக்கு இருந்தது. இறக்கிக் கொட்டினேன். எலிப்புழுக்கையோடு தோல் கையுறைகள் விழுந்தன. எண்ணினேன், 43. அத்தனையும் வலது கை.

"இதை எதுக்குப்பா சேர்த்து வச்சீங்க?"

"நல்லாத்தான இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

நல்லாத்தான் இருந்தன. விறைத்துப்போய், கிரீஸ் கறையோடு, சிலதில் எலி கடித்த ஓரங்களோடு. ஆனால் ஓட்டை இல்லை. ஒவ்வொன்றின் ஜோடியும் எப்போதோ பொசுங்கிப் போயிருக்கிறது.

வெல்டிங் பட்டறையைக் கிட்டே நின்று பார்க்காதவர்களுக்கு இது விளங்காது. வலது கையில் ஹோல்டர். அதற்குச் சூடேறாத, கரண்ட் அடிக்காத பிடி. பிடியின் நுனியில் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், உருகி ஒட்டுகிற ராடு. ஆக, வலது கைக்கும் நெருப்புக்கும் நடுவே நல்ல தூரம் இருக்கிறது. இடது கைக்கு அந்தத் தூரம் இல்லை. ஒட்டவேண்டிய கம்பியைச் சாயாமல் பிடிப்பது அது. ஒட்டியதும் திருப்பிப் போடுவது அது. கோணம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அதுதான். இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் தெறிக்கிற பொறிகள் எல்லாம் இடது கையின் மேல்தான் வந்து விழும். பொறியைவிடக் கறுத்த இரும்பு மோசம். சிவந்து கிடப்பதை எவனும் தொடமாட்டான். 500 டிகிரிக்குக் கீழே வந்தால் பகல் வெளிச்சத்தில் இரும்பு சாதுவாகக் கறுப்பாகத் தெரியும், எடுத்தால் தோல் அதோடு போய்விடும். அப்பா இதை 'ஊமைச் சூடு' என்பார்.

கையில் பிடிக்கிற முகமூடிக் கண்ணாடி ஒன்று உண்டு. அப்பா அதைத் தொட்டதே இல்லை. இடது கை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டால் கம்பியை யார் பிடிப்பது? காதில் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியோடே காலத்தை ஓட்டினார். ஆர்க், அதாவது வெல்டிங் வெளிச்சம், அடித்த ராத்திரிகளில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல உருளுவார். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து இமைமேல் வைப்பாள். ஒரு பையனைக் கூட வைத்துக்கொண்டிருந்தால் அவன் பிடித்திருப்பான். பையனுக்குக் கூலி கொடுத்தால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

ஆகவே வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ ஜோடி. இடது கிழிந்தால் ஜோடியே போச்சு. கடையில் ஒற்றையாகத் தரமாட்டார்கள்.

ஒரு தடவை அம்மா இதற்கு வழி கண்டுபிடித்தாள். நான் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. மிஞ்சிக் கிடந்த ஒரு வலது கையுறையை எடுத்து, உள்துணியை அறுத்து எறிந்துவிட்டு, சட்டையைத் திருப்புவதுபோல உள்பக்கத்தை வெளியே எடுத்து விரல் விரலாகத் தள்ளினாள். வலது கை இடது கையாகிவிட்டது! எனக்கு அது மாயாஜாலமாக இருந்தது. நானே இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ரொம்ப வருடம் கழித்து, இமானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவ அறிஞர் இதே விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டார் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஒரு கையின் உறையை மறு கையில் போட முடியாது என்று 1783இல் எழுதியிருக்கிறார். அளவு ஒன்று, உறுப்பு ஒன்று, இருந்தும் ஒன்றின் இடத்தில் மற்றது அடங்காது. ஏன் என்பது அவர் கேள்வி. அவருடைய அப்பா குதிரைச் சேணத்துக்குத் தோல்வார் தைக்கிறவர். தோல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் திருப்பிப் போடலாமே என்று ஜெய்ஹிந்துபுரத்தில் ஒருத்தி அவருக்குப் பதில் வைத்திருந்தாள்.

பதில் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் பெருவிரலும் சுட்டுவிரலும் வாயைப் பிளந்துகொண்டன. திருப்பினால் உள்ளே ஒளிந்திருந்த தையல் வெளியே வந்துவிடும், பொறி நேராக நூலில் விழும். கையுறையில் முதலில் எரிவது தோல் அல்ல, நூல். இதை அன்றைக்கு நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது திண்டுக்கல் போனபிறகுதான்.

பி.காம். முடித்துவிட்டு 2013இல் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கையுறை ஷாப்பில் சேர்ந்தேன். அந்த ஊரில் தோல் சம்பந்தப்பட்ட எதையும் 'ஷாப்பு' என்றுதான் சொல்வார்கள். தோல் பதனிடும் இடம் தோல் ஷாப்பு, எங்களுடையது கிளவுஸ் ஷாப்பு. கணக்கு எழுதத்தான் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் செக்கிங் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். வாரநாட்களில் அத்தை வீட்டில் தங்குவேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்குவேன்.

எங்கள் ஊர்ப்பக்கத் தோல் தொழில் என்றால் பட்டையில் ஊறிய தோல்தான் பழையது. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று மருந்துக்குப் பேர்போன அதே ஆவாரைச் செடியின் பட்டையில்தான் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் வாரக்கணக்கில் ஊறப்போட்டார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். வெளிர் மஞ்சளில், கையில் வழுக்குகிற அந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் கப்பல் ஏறியது. ஆவாரம்பட்டை போதாமல் போனபோது வாட்டில் மரப்பட்டை வந்தது. கொடைக்கானல் மலையில் கறுத்து நிற்கிற வாட்டில் காடுகள் தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று நட்டவையே. டூரிஸ்டுகள் அதைக் கன்னிக்காடு என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள்.

வெல்டிங் கையுறைக்கு அந்தப் பட்டைத்தோல் ஆகாது. சூடு பட்டதும் சுருங்கிப்போகும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீர்ச் சூட்டையும் தாங்கும். குரோமில் ஊறி வெளிவரும்போது தோல் வெளிறிய நீலத்தில் இருக்கும். அதை 'வெட் புளூ' என்பார்கள். மாட்டுத்தோல் தடிமனாக இருப்பதால் அதைப் படுக்கைவசமாக இரண்டாகப் பிளப்பார்கள். மேல்பாதி வழவழப்பாகச் செருப்புக்கும் ஷூவுக்கும் போகும். இரண்டு பக்கமும் சொரசொரப்பான கீழ்ப்பாதிக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். அதுதான் கையுறைக்கு வரும். ஷூ மேசைமேல் ஏறியபின் மிஞ்சியதில் கைக்குப் பங்கு.

திண்டுக்கல்லில் இந்தத் தொழிலால் தண்ணீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அத்தை வீட்டுத் தெருவில் போர் போட்டவர்கள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்கள். தோல் பதனிடும் ஆலைகள் மீதான வேலூர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னபோது திண்டுக்கல்லும் அதில் அடங்கியது. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூட அந்தக் காசு போதாது.

சரி, ஷாப்புக்கு வருகிறேன். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் கட்டிங் மாஸ்டர். எல்லோரும் 'பாய்' என்று கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், காதில் பென்சில் இருக்கும், பேசும்போது தோலைத் தடவிக்கொண்டே பேசுவார். முதல் வாரம் ஒரு தோலை என் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம் இழுபடுது, சொல்லும்மா" என்றார். எனக்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் என் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். முதுகெலும்பு ஓடிய திசையில் தோல் அவ்வளவாக நீளாது, குறுக்கே நீளும். விரலின் நீளம் முதுகெலும்போடு போகவேண்டும். மாற்றி வெட்டிவிட்டால் போடப்போட விரல் நீண்டுகொண்டே போய், நுனி தொங்கும். சரியாக வெட்டினால் அகலத்தில் நெகிழும்; முஷ்டியை மடக்கும்போது கைக்கு இடம் கொடுக்கும். "மாடு எப்படி நடந்துச்சோ அப்படித்தான் கை நடக்கணும்" என்பார்.

நாகரிகக் கையுறை வெட்டுகிறவர்கள் இதை ஒரு கலையாகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டுத்தோலை ஈரமாக்கி மேசை விளிம்பில் இழுத்து இழுத்து, நீளவாக்கில் இருக்கிற நெகிழ்வை எல்லாம் உருவிவிட்டுத்தான் கத்தரியை வைப்பார்கள். எங்களுக்கு அந்தச் சொகுசு இல்லை. கிளிக்கிங் பிரஸ் என்கிற வெட்டு மிஷின், கை வடிவில் இரும்பு டை, ஒரு அடி, முடிந்தது. இரண்டு தோலை முகத்தோடு முகம் வைத்து அடித்தால் ஒரே அடியில் இடதும் வலதும் விழும். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

ஒரு வெல்டிங் கையுறையைப் பிரித்துப் போட்டால் உள்ளங்கை, புறங்கை, பெருவிரல், விரல்களுக்கு நடுவே வருகிற பட்டிகள், முழங்கைப் பக்கம் ஏறுகிற கஃப், உள்துணி என்று துண்டுகள் கிடக்கும். இதில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விஷயம். இரண்டு தோலைச் சேர்த்துத் தைக்கும் இடத்தில் நடுவே நூலைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு தோல்நாடாவைச் செருகித் தைப்பார்கள். கையுறையைத் திருப்பியதும் அந்த நாடா தையலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பொறி வந்தால் அதன்மேல் விழும், நூல் தப்பிக்கும். அதற்குப் பெயர் வெல்ட். வெல்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆங்கிலத்தில் வேறு சொல் (welt). அம்மா கையுறையைத் திருப்பியபோது இந்த நாடாதான் உள்ளே போய்விட்டது. காவல்காரனை வீட்டுக்குள் பூட்டிவிட்டுக் குழந்தையைத் திண்ணையில் போட்ட கதை.

நல்ல கையுறைக்குக் கெவ்லார் நூல் போடுவார்கள். மஞ்சளாக இருக்கும், பருத்தி நூல்போலப் பற்றிக்கொள்ளாது. 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொருள். எங்கள் ஷாப்பில் ஏற்றுமதி ஆர்டருக்கு மட்டும்தான் மஞ்சள் நூல். உள்ளூர் ஆர்டருக்குப் பருத்தி, அதே மஞ்சளில் சாயம் ஏற்றியது.

தைக்கும்போது கையுறை உள்வெளியாகத்தான் இருக்கும். அதாவது மிஷினில் இருக்கிற வரை ஒவ்வொரு வலது கையுறையும் இடது கையுறை. தைத்து முடிந்து திருப்பும் மேசைக்கு வந்தபிறகுதான் அது எந்தக் கை என்று ஆகும். திருப்பும் மேசையில் ஆறு பெண்கள். மொண்ணையான கம்பியை விரலுக்குள் விட்டுத் தள்ளித் திருப்புவார்கள். நாள் முழுக்கத் தள்ளியதில் அவர்களுடைய பெருவிரல் அடிமூட்டு வீங்கியிருக்கும், ராத்திரி வெந்நீரில் வைப்பார்கள். ஆயிரக்கணக்கான கைகளுக்கு உறை திருப்பியவர்கள். கையுறை போட்டுக்கொண்டு கையுறையைத் திருப்ப முடியாது.

இனி அளவு. கையுறைக்கு ஒழுங்கான அளவுமுறை ஏற்படுத்தியவர் பிரான்சில் கிரெனோபிள் ஊர்க்காரர் சேவியர் ஜூவின். 1834 வாக்கில் கைகளை அளந்து, வகைபிரித்து, அந்த அளவுகளில் வெட்ட இரும்பு டையும் செய்தார். பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி அளந்தால் எத்தனை அங்குலமோ அதுதான் உங்கள் நம்பர். அவருக்குப் பிரெஞ்சு அங்குலம். இன்றைக்கு ஐரோப்பியத் தரத்தில் பாதுகாப்புக் கையுறைக்கு 8ஆம் நம்பர் என்றால் சுற்றளவு 203 மில்லிமீட்டர், 10 என்றால் 254. எங்களிடம் வருகிற வெல்டிங் ஆர்டர் பெரும்பாலும் 10. ஜெர்மனிக்காரனோ டச்சுக்காரனோ போடுகிற கை. ஒரு சனிக்கிழமை வீட்டில் டேப்பை எடுத்து அப்பா கையை அளந்தேன். 205. எட்டாம் நம்பர் கை.

இதை அளந்ததற்குக் காரணம் இருக்கிறது.

தோலில் இருக்கிற குரோம் மூன்று இணைதிறன் கொண்டது. அதனால் பெரிய பாதகம் இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற எண்ணெய் காற்றில் கெட்டாலோ, சரக்கு வெயிலிலும் சூட்டிலும் கிடந்தாலோ அதில் கொஞ்சம் ஆறு இணைதிறன் கொண்டதாக மாறும். அது தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. உடம்பில் படுகிற எந்தத் தோல்பொருளிலும் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்கக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே முதல் நாள் அமலுக்கு வந்தது. அந்த வருடக் கடைசியில் எங்கள் சரக்கு ஒன்று திரும்பி வந்தது. டெஸ்டில் தோற்றுவிட்டது. யார் மேல் தப்பு என்று தோல்காரரும் ஷாப்புக்காரரும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். கோடை முழுக்கத் தகரக் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டுக்கும் செக்கிங் முத்திரை போட்டது நான்தான். தையலை, அளவை, ஓட்டையைப் பார்த்தேன். குரோமைக் கண்ணால் பார்க்க முடியாது என்று இன்றைக்கும் எனக்கே சொல்லிக்கொள்வதுண்டு.

திரும்பி வந்த பெட்டிகள் பத்து நாளில் காணாமல் போயின. எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த மாசி. சம்பள உயர்வு கிடைத்த சந்தோஷத்தில் அப்பாவுக்கு நல்ல கையுறையாக ஒன்று வாங்கித்தரலாம் என்று சிம்மக்கல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "எக்ஸ்போர்ட் குவாலிட்டி, மஞ்சள் நூல், பாருங்க" என்று கடைக்காரர் ஒரு ஜோடியை வைத்தார். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. பெருவிரல் சேருமிடத்தில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டு முடிச்சைப் பின்னால் இழுத்துவிடுகிற பழக்கம் எங்கள் ஷாப்பில் ஒரே ஒரு அக்காவுக்கு உண்டு. கஃபில் முத்திரை இருந்த இடம் பெயின்ட் அடித்து மறைக்கப்பட்டிருந்தது. ஐரோப்பியன் கைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பியது, மதுரையான் கைக்கு எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

இங்கேதான் என்மேல் எனக்குக் கோபம். வாங்காமல் வந்திருக்கவேண்டும். வாங்கினேன். 'அப்பா பட்டறையில் கிடக்கிற நூறு கேடுகளோடு இதுவும் ஒன்று, கை பொசுங்குவதைவிடப் பரவாயில்லை' என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பா சரியா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அப்பா வாங்கிப் போட்டுப் பார்த்தார். விரல் முடிந்தும் உறை முடியவில்லை. ஒவ்வொரு நுனியிலும் அரை அங்குலம் காலியாக மடிந்து தொங்கியது. தரையில் கிடந்த பன்னிரண்டாம் நம்பர் ராடு ஒன்றை எடுக்கப் போனார். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. மூன்றாம் தடவை கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் எடுத்தார்.

"இது யாரு கைக்குத்தா தச்சது?"

திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அப்புறம் அதைச் சுவரில் ஆணியில் மாட்டினார். பழைய இடது கையுறையின் ஓட்டைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

'கையுறை' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் முதல் பொருள் வேறு. கையில் கொண்டுபோய்க் கொடுக்கிற பரிசு, காணிக்கை. அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குத் தழையும் பூவுமாகக் கையுறை கொண்டுவருவான். தோழி வாங்கமாட்டாள். அதற்குக் 'கையுறை மறுத்தல்' என்று துறையே இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டு அதுதான்: காந்தள் பூவோடு வந்தவனிடம், எங்கள் குன்றத்திலும் குலைகுலையாய்க் காந்தள் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுகிறாள். வேண்டாம் என்ற சொல்லே இல்லாமல் ஒரு மறுப்பு. காந்தளைப் பழைய புலவர்கள் பெண்ணின் விரலுக்கு ஒப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், விரல்போன்ற பூவைக் கையுறையாகக் கொண்டுவந்து திரும்பிப் போனவன் எனக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டான். என் அப்பாவுக்கு அகப்பாட்டு தெரியாது. 'இது யாரு கைக்குத் தச்சது' என்றதும் அந்த வகைதான்.

பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு எடுக்க வருகிறவர்கள் எங்கள் ஆட்களைப் பற்றி ஒரே பாட்டுப் பாடுவார்கள். விழிப்புணர்வு இல்லை, சொன்னால் கேட்பதில்லை, கொடுத்தாலும் போடுவதில்லை. எனக்கு எரிச்சலாக வரும். கையுறை போடாத ஒவ்வொரு கையையும் டேப் வைத்து அளந்து பார்த்தார்களா? அளவில்லாத உறை கையை மரக்கட்டையாக்கும். சுழலுகிற ட்ரில்லிங் மிஷின் பக்கத்தில் தொளதொள கையுறை போட்டால் விரலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அங்கே வெறுங்கையே பத்திரம். வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் கையே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இடது கை விஷயத்துக்கு வருகிறேன். காரியாபட்டிப் பக்கம் என் சித்தி சீமைக்கருவேல் வெட்டப் போவாள். கவைக்கம்பை வைத்து அமுக்கினாலும் முள் கையைக் கீறும். ஷாப்பில் செகண்ட்ஸ், அதாவது குறை உள்ள சரக்கு, மலிவாகக் கிடைக்கும், ஒரு ஜோடி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு போதும்டி. இடது கை மட்டும்." வலது கையில் அருவாள் இருக்கிறதல்லவா. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வலது கைக்குக் கருவி இருக்கிறது, இடது கைக்குப் பொருள்தான் இருக்கிறது. அருவாளோ, ஹோல்டரோ, உளியடிக்கிற சுத்தியலோ, எல்லாம் வலது கைக்குத்தான் பிடி கொடுத்திருக்கின்றன. சூட்டையும் முள்ளையும் நேராகத் தொடுகிற கைக்குப் பிடி கிடையாது.

பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் ராஜாளி வளர்த்தவர்கள் இடது கையில் மட்டும் தடித்த தோலுறை போட்டு அதன்மேல் பறவையை உட்கார வைத்தார்கள். நம் பக்கம் கோதை என்ற சொல் இருக்கிறது. மாலை, பெண் என்ற பொருள்களோடு உடும்பு என்றும், வில்லாளி கையில் கட்டுகிற தோல்கட்டு என்றும் அகராதி சொல்லும். நாண் உரசுகிற இடது முன்கைக்கானது அது. உடும்புக்கும் கைக்கட்டுக்கும் ஒரே சொல் வந்ததைப் பார்த்தால், உடும்புத்தோலைத்தான் முதலில் கட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜோடியாக வெட்டி, ஜோடியாக அடுக்கி, ஜோடியாக விற்கிற வழக்கம் எங்கள் கிளிக்கிங் பிரஸ்ஸுக்குத் தோதானது. வேலை பார்க்கிற உடம்பு ஜோடியாகத் தேய்வதில்லை.

ஆணியில் தொங்கிய அந்த ஜோடியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுத்தியது. பாயிடம் சொன்னேன். திரும்பி வந்த சரக்கு என்பதைச் சொல்லவில்லை. சைஸ் பெரிது என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பா கையைப் பேப்பர்ல வரஞ்சுட்டு வா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கையை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் வைத்துச் சுற்றிவரப் பென்சில் ஓட்டினேன். கூசுகிறது என்று சிரித்தார். இடது சுட்டுவிரல் நுனி கொஞ்சம் தட்டையாக இருந்தது. எப்போதோ ஆங்கிள் விழுந்து நசுங்கியது. சின்ன விரல் முழுக்க நிமிராது. ஜூவினின் இரும்பு டையில் இந்தக் கை வராது. வலது கையையும் வரைந்தேன், அது வேறு மாதிரி இருந்தது.

பாய் டை எதுவும் எடுக்கவில்லை. கத்தரியால் வெட்டினார். உள்ளங்கைக்கும் விரல்முகத்துக்கும் மெல்லிய ஆட்டுத்தோல், ராடு எடுக்கத் தெரியவேண்டும் என்பதற்காக. புறங்கைக்கு ஸ்பிளிட். உள்ளங்கை மேட்டில் மட்டும் இன்னொரு துண்டு ஸ்பிளிட்டைப் போர்த்தினார். எல்லாத் தையலிலும் வெல்ட் நாடா. அந்த அக்கா ஓவர்டைமில் தைத்துக் கொடுத்தாள், நிஜ மஞ்சள் நூலில். திருப்பும் மேசையில் நானே திருப்பினேன். பத்து விரலைத் தள்ளுவதற்குள் என் பெருவிரல் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். தோல்வாடை எங்கள் உடம்பிலேயே இருக்கும், எங்களுக்குத் தெரியாது. கொடைரோட்டில் நிலக்கோட்டைப் பூமூட்டைகளோடு ஒருவர் ஏறி, இடமில்லாமல் ஒரு மூட்டையை என் காலடியில் வைத்தார். மல்லியும் மாட்டுத்தோலும் கலந்து ஒரு வாடை. பிரான்சில் கிராஸ் என்ற ஊர் இன்றைக்கு வாசனைத் திரவியத்துக்கு உலகப் புகழ் பெற்றது. முன்னே அது தோல் பதனிடும் ஊர். கையுறையின் நாற்றம் போகப் பூவின் வாசனையை ஏற்றப்போய், நாளடைவில் தோல் போய் வாசனை நின்றுவிட்டது. அங்கே பேர்போன பூவும் ஒரு மல்லிதான், நம் பிச்சிப்பூ. நிலக்கோட்டை இருக்கிற தூரத்துக்குத் திண்டுக்கல்காரர்களுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லையோ.

அப்பா இடது கையுறையைப் போட்டார். கையை மடக்கினார், விரித்தார். சின்ன விரலைத் தடவிப் பார்த்தார். தரையிலிருந்து ராடை எடுத்தார். ஒரே தடவையில் வந்தது. வலது கையுறையைத் தொடவே இல்லை.

அது ஒன்றரை வருடம் ஓடியது. கடைசியில் சுட்டுவிரல் போனபோது ஆட்டுத்தோல்தான் எரிந்திருந்தது, நூல் நின்றது. "அதே மாதிரி இன்னும் ரெண்டு தச்சுத் தரச் சொல்லு. ரெண்டும் இடது" என்றார். நான் ஜோடியாகவே வெட்டச் சொன்னேன், பழக்கதோஷம். அவருக்கு இரண்டு இடது கைகளைக் கொடுத்துவிட்டு, இரண்டு வலது கைகளையும் என் மேசை டிராயரில் போட்டு வைத்தேன். திண்டுக்கல் வேலையை விட்டுத் திருமணமாகி மதுரைக்கே திரும்பி வந்தபோது அவை பெட்டியின் அடியில் கூடவே வந்தன.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் ஆர்க்கைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பட்டறையைக் காலி செய்தது.

சாக்கிலிருந்து கொட்டிய கையுறைகளை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினேன். தடித்தது, மெல்லியது, பச்சைத் துணி கஃப் வைத்தது. ஆணியில் தொங்கிய அந்த எக்ஸ்போர்ட் குவாலிட்டியின் வலது கையும் கிடந்தது. இடது கை எங்கே போனது என்று கேட்டேன், ஒரு அவசரத்துக்குப் போட்டதாகச் சொன்னார். ஆட்டுத்தோல் வலது கை ஒன்று அடியில் இருந்தது, வெயிலே படாத நிறத்தில். அப்பா நாற்காலியைப் போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மொத்தம் எத்தனைத்தா?"

"43."

கொஞ்ச நேரம் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார்.

"45னு சொல்லு. உங்கிட்ட ரெண்டு இருக்குல்ல."